வீட்டுக்கு வாங்க

கடைசிச் சாமானையும் கொடுத்து முடித்து அவள் அந்த வீட்டுக்குத் திரும்பியபோது சாயங்காலம் நாலு மணிகூட ஆகியிருக்காது. அதற்குள் இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் அந்த ஊர் அப்படித்தான். மத்தியானம் கழுவி வைத்த தட்டு காய்வதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும். ஒன்பது வருஷம் பார்த்தும் அவளுக்கு அது பழகவில்லை. நாளைக்கு இந்நேரம் வெயிலில் நிற்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

உள்ளே சூடு ஏற்றும் குழாய்கள் டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தன. பழைய கம்பளத்தின் வாசனை, மருந்து வாசனை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கை க்ரீமின் எலுமிச்சை வாசனை. தினமும் காலையும் மாலையும் அந்தக் க்ரீமைப் பெரியம்மாவின் கைகளில் தேய்த்துவிடுவதுதான் அவளுடைய முதல் வேலையும் கடைசி வேலையும். பாதி தீர்ந்த குப்பியைக் காலையில்தான் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தாள். தொட்டியும் தெருவுக்குப் போய்விட்டது. வாசனை மட்டும் போகவில்லை.

பெரியம்மா சொந்தக்காரி இல்லை. அந்த ஊர்க்காரி. பக்கவாதம் வந்து படுத்தவளைப் பார்த்துக்கொள்ளத்தான் இவள் கடல் தாண்டி வந்தாள். அந்த அம்மாளின் பெயர் வாயில் நுழையாமல் அடம்பிடித்ததால் முதல் நாளே "பெரியம்மா" என்று வைத்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாளா, போதும்.

பக்கவாதம் பெரியம்மாவின் பேச்சைத் துடைத்துவிட்டிருந்தது. பெற்ற பிள்ளையின் பெயர்கூட வராது. இனிமேல் வராது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். இவள் பாட்டுக்குத் தமிழில் பேசிக்கொண்டே குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், தலை சீவுவாள். பதில் சொல்லாத ஆளிடம் எந்த மொழியில் பேசினால் என்ன?

அப்படி இருந்த பெரியம்மா ஒரு நாள் வாயைத் திறந்தாள். இவள் ஊரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பரீட்சை என்னாச்சு, பாடம் படிச்சியா, சித்தி சொல்றதைக் கேக்குறியா என்று வழக்கமான விசாரணை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா நாற்காலியிலிருந்து மெல்லச் சாய்ந்து திரைக்குள் எட்டிப் பார்த்து, குழைந்த நாக்கால் கேட்டாள்.

"சாப்ட்டியா?"

மகள் சிரித்த சிரிப்பு அந்த அறையையே நிறைத்தது. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் கூட்டு. பெரியம்மாவுக்கு வந்தது இரண்டே வார்த்தை. சாப்ட்டியா, தூங்கு. அந்த "கு"வை மட்டும் கொஞ்சம் இழுத்து "தூங்கூ" என்பாள். இவளுக்கோ வாய் நிறையத் தமிழ் இருந்தது, ஆனால் எல்லாம் கேள்வியாகவே வந்தது. மகள் வளர வளர அம்மாவின் கேள்விகளுக்கு "ம்", "சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அப்புறம், "பெரியம்மாகிட்ட குடு" என்பாள். போனைக் கொடுத்துவிட்டு இவள் சமையலறைக்குப் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் தேய்ப்பாள். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

போன வாரம் பெரியம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். வேறு ஊரிலிருந்து மகன் வந்து அடக்கத்தை முடித்தான். "சாமானையெல்லாம் வேணுங்கறவங்களுக்குக் குடுத்துடுங்க. உங்க ஃப்ளைட் வரைக்கும் இங்கயே இருங்க. சாவியைக் கீழ மருந்துக்கடையில குடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்று மத்தியானமே இவள் தெரிந்தவர்களிடம் விடைபெறக் கிளம்பியிருந்தாள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படும்போது எதிரே யார் நின்றாலும் "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிடுவோம். வந்தால் படுக்க இடம் உண்டா என்றெல்லாம் யோசிப்பதில்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், அது ஒப்புக்குச் சொல்வது. ஆனால் அந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது. மருந்துக்கடைக்காரரிடம் அவர் மொழியில் அதையே சொன்னபோது மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எந்த மாசம் வரட்டும்?" என்று காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எப்ப வேணா வாங்க," என்று சொல்லித் தப்பித்து வந்தாள்.

இனி டாக்ஸி வரவேண்டியதுதான் பாக்கி. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கூடத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். சோபா போய்விட்டது, மேசை போய்விட்டது, திரைச்சீலைகூட இல்லை. பெரியம்மாவின் படுக்கையறையில் மட்டும் கட்டிலும் ஜன்னலோர நாற்காலியும் அப்படியே கிடந்தன. மகன் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வானாம்.

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அவள் சும்மா உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் ஒன்று விளங்கியது. இந்த ஊரில் அவளுக்கென்று அழ ஒரு ஆள் இல்லை. அவள் அழுவதற்கென்று இருந்ததும் ஒரே ஆள்தான், அந்தப் பெரியம்மாவும் போய்விட்டாள். இவ்வளவு பெரிய ஊரில் தன்னைத் தமிழில் ஒரு வார்த்தை கேட்டது அந்த ஒரு வாய்தான்.

குழாய்களின் டிக் டிக் நின்றது.

வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. எலுமிச்சை வாசனை, அப்போதுதான் யாரோ குப்பியைத் திறந்ததுபோல, குப்பென்று வந்தது.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

"சாப்ட்டியா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிரமை என்று நினைக்கப் பார்த்தாள். வருஷக்கணக்காகக் கேட்ட குரல், காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருக்கும். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டியா?"

இரண்டாம் முறை கேட்டபோது குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. பதில் சொல்லாவிட்டால் பெரியம்மா கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். அது அவள் வழக்கம்.

"சாப்ட்டேன், பெரியம்மா," என்றாள் இவள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. திருப்தியாகச் சாய்ந்துகொள்ளும் சத்தம்.

கீழே டாக்ஸியின் ஹாரன் கேட்டது. அவள் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் போகாமல் அங்கேயே நின்றாள். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. அந்த இருட்டில் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்பதுகூடத் தெரியாமல். எதையாவது சொல்ல வேண்டும். அவள் வாயில் என்ன வரும்? எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது.

"நான் வரேன் பெரியம்மா. நீங்களும் ஒரு தடவை வீட்டுக்கு வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நெஞ்சு திக்கென்றது.

உள்ளே நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. இந்த முறை சாயும் சத்தம் இல்லை.

ஒரு செருப்பு தரையில் உரசியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பக்கவாதம் வந்த காலை இழுத்து, நல்ல காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, எழுந்திருக்கத் தயாராகும் சத்தம். வெளியே கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் பெரியம்மா அப்படித்தான் கிளம்புவாள்.

அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். படிகளில் எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சாவியை மருந்துக்கடைக்காரரின் கையில் திணித்துவிட்டு டாக்ஸியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருஷம் வாழ்ந்த ஊரைக் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். பார்க்கவில்லை.

தங்கச்சி வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். பாப்பா, பாப்பா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்த பாப்பா இப்போது அவளைவிட உயரம். கல்லூரியில் சேர்ந்தாயிற்று.

"வாங்க. பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றாள் பாப்பா.

பெற்ற அம்மாவை "வாங்க" என்கிறாள். கட்டிப்பிடிக்கத் தூக்கிய கையைப் பெட்டியை எடுப்பதுபோல் மாற்றிக்கொண்டாள் இவள். தங்கச்சி கவனித்திருக்க வேண்டும். "விடுக்கா, பழகப் பழகச் சரியாயிடும். சின்ன வயசுல விட்டுட்டுப் போனது, அவளுக்கும் கூச்சம் இருக்குமில்ல," என்று காதோரம் சொன்னாள்.

பழகவில்லை. வாங்கி வந்த ஷூ பாப்பாவின் காலுக்குச் சேரவில்லை. பாப்பா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே தூங்கினாள். இவளுக்குக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். சாத்திய கதவைப் பார்த்தபடி படுத்திருப்பாள். போய் அந்தத் தலையைத் தடவ வேண்டும் என்று கை துடிக்கும். விலக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அப்படியே படுத்திருப்பாள். வந்த அலுப்பில் எப்போதோ தூங்கியும் போவாள்.

ஒரு நாள் காலையில் அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது பாப்பா வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்னடா?"

"நீ ராத்திரி வந்து தலையைத் தடவிக்குடுக்கறியே, முதல் நாள் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. தூங்கற மாதிரி நடிச்சேன்." பாப்பா குனிந்துகொண்டு சிரித்தாள். "இப்ப நீ வந்து தடவினாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

அவள் ஒரு ராத்திரிகூடப் போகவில்லை.

"உன் கையில ஒரு வாசனை வருமே, எலுமிச்சை மாதிரி. அது என்ன க்ரீம்மா? எனக்கும் குடேன்."

இல்லடா, அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து அந்த முகம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அதை எப்படி விடுவாள்?

"தீர்ந்துபோச்சுடா," என்றாள்.

பாப்பா கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்து திரும்பி, "வரேம்மா, நீ நேரத்துக்குச் சாப்பிடு!" என்று கத்திவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கடல் தாண்டித் திரும்பி வந்தாள். சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்ததில், எது எது என்று பிரிக்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க ஒரே முடிவு மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் அந்தத் தலையை நான்தான் தடவுவேன். என் பிள்ளை, என் கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தங்கச்சி கடைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பாப்பா சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். முதல் தடவையாகக் கதவைச் சாத்தவில்லை.

அவள் உள்ளே போனாள். ஜன்னல்கள் மூடியிருந்ததில் அறை மங்கிக் கிடந்தது. பாப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை மெல்ல அந்தத் தலைமேல் வைத்தாள். முடி மெத்தென்றிருந்தது. விட்டுவிட்டுப் போனபோது இருந்த அதே முடி. அவள் கண் நிறைந்துவிட்டது.

பாப்பா கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள். அந்தக் கையைப் பிடித்து எடுத்து, மெதுவாக அப்பால் வைத்தாள்.

"இந்தக் கை இல்லம்மா."

தூக்கத்தில் சொன்னதுதான்.

வெளியே மழை சட்டென்று தணிந்தது.

எலுமிச்சை வாசனை வந்தது.

பாப்பாவின் நெற்றியில் விழுந்திருந்த முடி தானாக விலகியது. பிறகு காதுக்குப் பின்னால், ஒழுங்காக, பொறுமையாக, யாரோ ஒதுக்கிவிடுவதுபோல ஒதுங்கியது. பாப்பாவின் சுளித்த முகம் தெளிந்தது. சின்ன வயசில் அம்மா மடியில் தூங்கியபோது இருந்த முகம்.

"தூங்கூ."

அவள் அலறவில்லை. மகளின் தூக்கம் கலைந்துவிடும்.

வாசனை நெருங்கி வந்தது. அவள் காதோரம், குழைந்த நாக்கால், கெஞ்சலாக:

"சாப்ட்டியா?"

இவள்தான் கூப்பிட்டாள். வாசலில் நின்று, வாயாரக் கூப்பிட்டாள். கூப்பிட்டு வந்தவர்களைப் போங்கள் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

"சாப்ட்டேன், பெரியம்மா," என்று சொல்லிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் விட்ட இடத்தில் கட்டில் மெல்லத் தாழ்ந்தது.