கூட்டத்தில் ஓர் இருமல்

இசைத்தட்டில் பேஸ் வாத்தியம் தனியாக ஒலிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் யாரோ இருமினார்கள்.

பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "இருமுறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினார்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் துண்டு. "நான் இருமலைங்க."

"அப்ப யாரு, சுவரா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் ஊசியைத் தட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வைத்தார். அந்த ஜாஸ் தட்டு ஒரு நிலவறை விடுதியில், ஆட்கள் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போதே பதிவானது. குவளைகள் இடிபடும், நாற்காலி இழுபடும், பாட்டு முடிந்ததும் கைதட்டுவார்கள். அத்தனை சத்தமும் அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது. இருமல் ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. இடப்பக்கம், மேடைக்குக் கொஞ்சம் தள்ளி. நேற்றுவரை அது அங்கே கிடையாது.

பகலெல்லாம் அவர் காதில் பல் ராவும் இயந்திரத்தின் கீச்சொலி. நாற்காலியில் அழும் குழந்தைகளிடம் அவர் பொறுமையாகத்தான் பேசுவார். "அப்பா மாதிரி டாக்டர்" என்று பெயர்கூட உண்டு. அந்தப் பொறுமையில் ஒரு சொட்டுக்கூட வீடு வந்து சேர்ந்ததில்லை. மாலையில் தட்டு சுழலும் நேரத்தில் குழாயைத் திறக்கக் கூடாது, அலமாரி கிறீச்சிடக் கூடாது. பென்சில் சீவுவதற்குக்கூட மகள் மொட்டைமாடிக்குப் போவாள். மூச்சிரைப்பு உள்ள மனைவி இருமலைத் துண்டுக்குள் புதைத்துக்கொள்வாள். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்திருந்தால் பாதி இருமல் அடங்கியிருக்கும். அது அவருக்குத் தோன்றியதேயில்லை.

அன்றும் வழக்கம்போல் இசைத்தட்டுக்காரர்களின் கைபேசிக் குழுவில் படம் போட்டார். ஒவ்வொருவரும் தினம் மாலையில் தாங்கள் கேட்கும் தட்டின் உறையைப் பிளேயரில் சாய்த்துவைத்துப் படமெடுத்து, கீழே ஒரு வரி எழுதுவார்கள். அங்கே யாருக்கும் பெயர் இல்லை. இவர் 'சொத்தை'. பேக்கரி நடத்துபவர் 'பன்'. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் 'கேப்டன்'.

"முதல் பதிப்பு. கூட்டத்துல ஒருத்தர் இருமுறதுகூடத் துல்லியமா கேக்குது" என்று எழுதினார் சொத்தை.

"என்கிட்ட இருக்கிற அதே தட்டுல இருமல் இல்லையேய்யா" என்றார் பன்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "உன்னோடது மறுபதிப்பு. சத்தத்தையெல்லாம் தொடச்சு எடுத்துட்டு வித்திருப்பான். முதல் பதிப்புல அந்த ரூமே உள்ள இருக்கும்."

"சொத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்தவன் வாய்க்குள்ள பார்த்தே பொழைக்கிற ஆளு" என்றார் கேப்டன். எல்லாரும் சிரித்தார்கள். நேற்று இல்லாத இருமல் இன்று எப்படி வந்தது என்ற கேள்வி, அந்தப் பெருமையில் அமுங்கிப்போயிற்று. தட்டில் ஒளிந்திருந்த சத்தம் வெளிவருகிறது, அவ்வளவுதான். வேறு எவருக்கும் இது போதுமான விளக்கமாகப் படாது. தட்டு சேர்ப்பவனுக்குப் படும். இன்னும் வெளிவரட்டும் என்று தட்டைச் சாராயம் கலந்த நீரில் மென்மையான தூரிகையால் கழுவி உலர்த்தினார்.

மறுநாள் மாலை அடைமழைக்கு முந்தைய இறுக்கம். ஜன்னல் திரை அசையவில்லை. ஸ்பீக்கரின் சூடான தூசி வாசனையும், கழுவிய தட்டின் மெல்லிய சாராய நெடியும் அறையில் தேங்கி நின்றன. இருமல் இப்போது ஒன்றல்ல, வரிசையாக வந்தது. குட்டையாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு சின்ன விசில். எங்கோ கேட்ட இருமல்.

அப்போது மனைவி கூடத்தைக் கடந்து போனாள். துண்டு வாயில். தோள்கள் குலுங்கின, குட்டையாக இரண்டு முறை, நீளமாக ஒரு முறை. சத்தம் வரவில்லை.

மூச்சிரைப்புக்குக் குடிக்கும் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு ஸ்பூன் கண்ணாடி டம்ளரில் மோதும் சத்தம். கிளிங். கிளிங். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மேசையில் மகள் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் டம்ளரின் சுவரில் இடித்தது. கிளிங் என்றது ஸ்பீக்கர். டம்ளரிலிருந்து எதுவும் கேட்கவில்லை.

பயம் வந்தால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவருக்குச் சிறு வயதுப் பழக்கம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"இல்லப்பா, நான் சக்கரை கலக்கினேன், அவ்ளோதான்..."

"வாயை மூடு!"

"அவ குழந்தைங்க. என்னைத் திட்டுங்க, அவளை விடுங்க" என்றாள் மனைவி.

"உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இனிமே இந்த வீட்ல யார் குரலும் கேக்கக் கூடாது. கேட்டுச்சா?"

இருவரும் தலையாட்டினார்கள்.

அதற்கு அடுத்த நாள் அவர்கள் குரல் கேட்கவில்லை. காலையில் மனைவி அவர் முன்னால் வந்து நின்று உதட்டை அசைத்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணில் நீர். கோபித்துக்கொண்டு நாடகமாடுகிறாள் என்று எரிச்சலோடு கையை வீசிவிட்டுக் கிளம்பினார். அன்று நோயாளிகளிடமும் எரிந்து விழுந்தார்.

மாலையில் கைபேசியில் பன்னைக் கூப்பிட்டார். ஒரே தட்டு இரண்டு பேரிடம் இருந்தால், கைபேசியைத் திறந்து வைத்து, ஒரே நேரத்தில் ஊசியை இறக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது குழுவின் வழக்கம். அதை 'ஜோடி போடுவது' என்பார்கள். தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை ஊசியைத் தூக்கக் கூடாது, தூக்கியவன் தோற்றவன்.

இருவரும் இறக்கினார்கள். பியானோ, பேஸ், சாக்ஸபோன், இரண்டு வீட்டிலும் ஒன்றாக ஓடின. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை இருட்டியது. பிளேயரின் சிவப்பு விளக்கு மட்டும்.

கூட்டத்துக்குள் ஒரு பெண் குரல், தெளிவாக, தமிழில்: "என் கையை விட்டுடாத கண்ணு. இங்க ரொம்பக் கூட்டம்."

"சொத்தை, டிவி ஓடுதா அங்க?" என்றார் பன்.

டாக்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"அப்பா," என்றது ஸ்பீக்கர். "அப்பா, இருட்டா இருக்கு."

"யோவ், குழந்தை கூப்பிடுதுய்யா. போய் என்னன்னு பாரு. தட்டு எங்கயும் ஓடிடாது."

"பாதியில ஊசியை எடுக்கச் சொல்றியா? தோத்துட்டேன்னு குரூப்ல போடவா?"

"நானே தோத்துட்டேன்னு போட்டுக்கிறேன். எடுய்யா. ஒரு வார்த்தை பேசிட்டு வா."

டாக்டர் இணைப்பைத் துண்டித்தார். கைபேசியை மேசையில் ஓங்கி வைத்தார், ஆத்திரத்தில். ஆத்திரம்தான் என்று சொல்லிக்கொண்டார்.

சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

மகள். நாற்காலிக்குப் பக்கத்தில். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவள் உதடு அசையும்போதெல்லாம், டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, "அப்பா." அவளுக்குப் பின்னால் மனைவி.

அவர் பாய்ந்து ஊசியைத் தூக்கினார்.

மகளின் உதடு நின்றது. மார்பு நின்றது. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. மனைவி சுவரில் சரிந்தாள்.

மறுபடி வைத்தார். இருவருக்கும் மூச்சு வந்தது.

தூக்க முடியாது. நிறுத்த முடியாது. ஊசி உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. மிச்சமிருந்த கறுப்பு, விரல்கடை அகலம். சாக்ஸபோன் கடைசிச் சுற்றை வாசிக்கத் தொடங்கிவிட்டது.

மகளின் முகத்தைக் கைகளில் ஏந்தினார். அத்தனை சின்ன முகம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருக்குள் ஒரு நல்ல சொல் எழுந்தது. பேசு கண்ணு, எவ்வளவு வேணும்னாலும் பேசு, அப்பா கேக்கறேன். உதடுகள் அசைந்தன. தொண்டையில் ஒலி இல்லை.

அந்தச் சொல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. விடுதியின் கடைசி மேசையிலிருந்து, அவருடைய குரலில், அவரே கேட்டறியாத கனிவோடு. பாதி வருவதற்குள் பாட்டு முடிந்தது. கூட்டம் கைதட்டியது. அத்தனை கைகளும். அந்தச் சொல் அதில் மூழ்கிப்போயிற்று. மகளின் கண்கள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. ஊசி தட்டின் நடுவே போய், மேற்கொண்டு நகர வழியில்லாத கடைசி வட்டத்தில் விழுந்தது. அங்கேயே சுற்றத் தொடங்கியது.

டப்.

மகளின் வாய் திறந்தது, ஒரு சொல்லின் பாதிவரை. மூடியது.

டப்.

மனைவியின் வாயும். அதே அளவு. அதே நொடி.

டப்.

தன் தாடை தானாகக் கீழே இறங்குவதை அவர் உணர்ந்தார்.