இக்கரைச் சிலுவை

காற்றே இல்லை. ஆனாலும் மெழுகுதிரிச் சுடர் ஓடைப் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. கிறகரி திரியை நிமிர்த்திவிட்டான், மறுபடியும் சாய்ந்தது. எதிரே அவன் மனைவி கத்தரீனா, மகள் மேபலின் சிலுவை முன் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். 1936 நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் கல்லறைகளில் திரி ஏற்றும் நாள். பன்வில மலையில் பொழுது சாயும் நேரம்.

அந்தச் சிலுவைக்கு அடியில் மேபல் இல்லை. அது கிறகரிக்கு மட்டும்தான் தெரியும்.

காட்டை வெட்டித் தேயிலை போட்ட புதுமலை அது. அதற்கு முன் ஓடைக்கு அக்கரையிலிருந்த சிங்களக் கிராமத்தார் அங்கே காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்து பிழைத்தார்கள். துரையிடம் பத்திரம் இருந்தது, அவர்களிடம் கோபம் இருந்தது, நடுவில் தேயிலை பறிக்கக் கொண்டுவந்து வரிசைக் குடிசைகளில் குடிவைக்கப்பட்ட லயத்துச் சனத்திடம் அடி வாங்க உடம்புதான் இருந்தது. தண்ணீருக்கும் மாட்டுக்கும் தொடங்கிய சண்டையில் இரு பக்கமும் ஒவ்வோர் உயிர் போன பிறகு, சிங்களம் தெரிந்த கணக்கப்பிள்ளை கிறகரிதான் வெற்றிலையோடு ஊர்த் தலைவரான ஆராச்சியிடம் சமாதானம் பேசப் போனான். ஓடை எல்லை. தண்ணீர் இருவருக்கும். லயத்தார் யாராவது அக்கரையில் கால் வைத்தால் பேச்சு முறிந்தது.

எழுந்திருக்குமுன் ஆராச்சி கேட்டார்: இந்தப் பக்கம் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?

இருந்தது. மயானம் ஒதுக்கப்படுமுன் காய்ச்சலில் போன ஏழு வயது மேபல், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்குத் தைத்த வெள்ளைக் கவுனோடு அக்கரை மரத்தடியில் கிடந்தாள். அதைச் சொன்னால் போக வர வழி கேட்க வேண்டும், கேட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். கேட்டிருந்தால் அந்த மனிதர் சம்மதித்திருக்கவும் கூடும். அது பிறகுதான் தோன்றியது. தோன்றி என்ன பயன்.

அப்போது கத்தரீனா கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவன் சிலுவையை மட்டும் பிடுங்கி வந்து இக்கரையில் நட்டு, மண்ணைக் குவித்தான். பிள்ளையையே இங்கே மாற்றிவிட்டோம், சுவாமியார் வந்து மந்திரித்தார் என்று அவளிடம் சொன்னான். அவள் நம்பினாள். இவன் சொன்ன எதைத்தான் அவள் நம்பாமல் இருந்தாள்?

ஓடைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். அழுது அழுது தொண்டை வற்றிய பிள்ளையின் விக்கல். பனிமூட்டம் அக்கரையை மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து புதிதாகக் கிளறிய மண்ணின் வாடை ஈரமாக வந்து அவன் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

கத்தரீனாவின் விரலில் ஜெபமாலை மணி நின்றது. “என்னங்க, கேக்குதா?”

“ஊருப் புள்ளயா இருக்கும். வா, போவோம்.”

“அம்மான்னு கூப்புடுது.”

அந்த ஊர்ப் பிள்ளைகளும் அம்மா என்றுதான் கூப்பிடும். அவன் அதையே மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

அவள் எழுந்து ஓடைக் கரைக்கு நடந்தாள். அவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். “கால வச்சிறாத. நாளைக்கே வெட்டுக்குத்து வந்துரும்.”

“நான் போகலங்க. அது வரலாம்ல? அவங்க இங்க வரக் கூடாதுன்னு பேச்சு இல்லையே.” அவள் பனிமூட்டத்தைப் பார்த்துக் கனிவாகச் சொன்னாள்: “யாரு பெத்த புள்ளயோ. பயப்படாம இங்கிட்டு வாம்மா.”

கூப்பிடாதே என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அழுகை நின்றது.

தண்ணீரில் ஒரு சலசலப்பு. சின்னக் கால். இன்னொன்று. கல் ஒன்று உருண்டது.

வந்தது.

வெள்ளைக் கவுன். மண் அப்பியிருந்தது. முகத்தை முடி மறைத்திருந்தது. அது அவனைத் தாண்டிப் போனது. அவளையும் தாண்டிப் போனது. சிலுவையில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தது. பிறகு அங்கேயே மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டத் தொடங்கியது.

மேல்மண் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே யாரும் வெட்டாத கட்டாந்தரை. நகங்கள் கல்லில் கீறின. உள்ளே போக இடம் தேடியது அது. இடம் இல்லை.

கத்தரீனா குனிந்து கவுனின் ஓரத்தைத் தொட்டாள். தன் கையால் போட்ட தையலை அவளுக்குத் தெரியாதா?

“இவ்வளவு நாளா எம்புள்ள எங்கங்க இருந்தா?” என்றாள். சத்தம் போடவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

மகளின் பக்கத்தில் மண்டியிட்டு, ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு, அவளும் தோண்டத் தொடங்கினாள்.