பாதிப் படம்

முழங்காலைக் கேட்டால் நெஞ்சு வருகிறது என்று ரிசப்ஷன் பெண் போனில் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சிரிக்காதீங்கண்ணா. அந்த ஆளு என்னைத் திட்டித் தீர்க்கிறாரு. முழங்கால் எக்ஸ்ரேவ நம்ம சைட்ல இருந்து டவுன்லோடு பண்ணிருக்காரு. திறந்தா யாரோட நெஞ்சோ இருக்காம்."

"ஃபோல்டர் மாறியிருக்கும். பார்க்கிறேன், வை."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்கேன் சென்டரின் நடைவழிக் கோடியில் அவனுடைய அறை. அலமாரிக்குள் சர்வர் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அதன் சூட்டில் பிளாஸ்டிக் வாசனை கிளம்பி, பக்கத்து எக்ஸ்ரே அறையிலிருந்து கசியும் கிருமிநாசினி நெடியோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வலுத்த மழை ஜன்னல் தகரத்தில் விழும் சத்தம், யாரோ விரல்களால் பொறுமையிழந்து தாளம் போடுவதைப் போலிருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே தங்கள் படங்களை இறக்கிக்கொள்ளும் வெப்சைட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவன் அவன். சென்டரில் எல்லோருக்கும் அவன் 'கம்ப்யூட்டர் தம்பி'.

சர்வரில் ஃபைலைத் திறந்தான். முழங்கால்தான். அதையே நோயாளி செய்வதுபோல பிரவுசர் வழியாக இறக்கினான்.

நெஞ்சு.

வேறொருத்தியின் மணிக்கட்டை இறக்கினான். அதே நெஞ்சு. ஒரு குழந்தையின் கடைவாய்ப் பல்லை இறக்கினான். அதே நெஞ்சு, அதே சாய்வு. இடது காறை எலும்பின் மேல் ஒரு உலோகத் தகடு, வெள்ளை வெளேரென்று.

அவன் கை தானாகச் சட்டைக்குள் போனது. கல்லூரி நாளில் பைக்கிலிருந்து விழுந்தபோது வைத்த தகடு தோலுக்கடியில் மேடாகத் தட்டுப்பட்டது. ஆனால் இந்த சென்டரின் மெஷின் முன்னால் அவன் ஒருநாளும் நின்றதில்லை.

படத்தைப் பெரிதாக்கினான். விலா எலும்புகளுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கமிருந்து, ஒரு கை மேலே நீண்டிருந்தது. மெல்லிய எலும்புகள். பெண் கை. மோதிர விரலின் நுனி பக்கவாட்டில் கோணிக்கொண்டிருந்தது.

அந்த விரலை அவனுக்குத் தெரியும். பத்து வருஷம் இந்த சென்டரில் எக்ஸ்ரே பிளேட்டைத் தூக்கி வைத்த விரல்.

டெக்னீஷியன் அக்கா.

முன்பு நடந்தது இதுதான். ஒரு ஃபைலை அனுப்பும்போது, அது எவ்வளவு பெரியது என்று சர்வர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால், வாங்குகிற பக்கம் அத்தனையோடு கதவைச் சாத்திவிடும். அவன் எழுதிய புரோகிராம் குறைத்துச் சொன்னது. ஒரு தாயின் வயிற்று ஸ்கேன் பாதிதான் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. கட்டி மீதிப் பாதியில் இருந்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை. பெரிய டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டபோது, அவன் அதற்குள் புரோகிராமைத் திருத்தியிருந்தான். "அக்கா பாதிதான் சார் ஸ்கேன் பண்ணிருக்காங்க" என்றான். நாக்கு கூசவில்லை.

நரைத்த தலை கலைந்திருக்க, அக்கா அன்று இந்த அறை வாசலில் வந்து நின்றார். "தம்பி, நான் முழுசா எடுத்தேன்னு உனக்குத் தெரியும்ல? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா."

அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேலை போய் வீட்டுக்குப் போனவர், சுவரைப் பார்த்துப் படுத்தார். பிறகு எழவே இல்லை. சாவுக்குக்கூட அவன் போகவில்லை.

போன் அடித்தது.

"அண்ணா, இன்னும் நாலஞ்சு பேர் கூப்பிட்டாங்க. எல்லாருக்கும் நெஞ்சுதானாம். கை ஒண்ணு தெரியுதாம். இப்ப கழுத்துக்கிட்ட இருக்காம்."

"கழுத்துக்கிட்டயா?"

மறுபடி இறக்கிப் பார்த்தான். கை ஏறியிருந்தது. இதயத்தின் நிழலைக் கடந்து, மூச்சுக்குழலை ஒட்டி, விரல்களை அகல விரித்துக்கொண்டு. அவன் நெஞ்சுக்குள் ஏதோ நெட்டித் தள்ளியது. ஏப்பம் போல. ஏப்பம் வரவில்லை.

புரிந்தது. ஒவ்வொரு டவுன்லோடுக்கும் கை ஒரு படி ஏறுகிறது.

"யாரையும் டவுன்லோடு பண்ண வேண்டாம்னு சொல்லு! இப்பவே!"

"எத்தனை பேருக்குண்ணா சொல்றது? 'உங்கள் படம் தயார்'னு பழைய பேஷன்ட் அத்தனை பேருக்கும் மெசேஜ் போயிருக்கே. நீங்கதான அனுப்பினீங்க?"

அவன் அனுப்பவில்லை.

சர்வரை நிறுத்தினான். உறுமல் அடங்கியது. நெட் கேபிளைப் பிடுங்கினான், கரண்ட் வயரையும் பிடுங்கினான். அலமாரியின் பச்சை விளக்குகள் அணைந்தன. மழைச் சத்தம் மட்டும். அவன் மூச்சுச் சத்தம் மட்டும்.

"இப்ப வரலைல்ல? நின்னுடுச்சுல்ல?" என்றான் போனில். குரல் கரகரத்தது. யாரோ குரல்வளையைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டுப் பேச இடம் கொடுத்ததுபோல.

"நல்லா வருதேண்ணா. முன்னைவிட வேகமா வருதுன்னு சொல்றாங்க."

தொண்டையில் அரிப்பு. இருமினான். இருமல் பாதியில் நின்றது. உள்ளே ஏதோ அதைப் பிடித்து நிறுத்தியது. "சார்கிட்ட சொல்லு," என்று கத்தப் பார்த்தான். "அக்கா முழுசாத்தான் எடுத்தாங்க. தப்பு என்னோடது. நான்தான்..." வாய் அசைந்தது. காற்று வந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது அவனிடம் வழியில்லை.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

போன் கையிலிருந்து நழுவியது. நடைவழியில் ஓடினான். எக்ஸ்ரே அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யாருமில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கழிவறை. தாழ்ப்பாள். கண்ணாடி.

வாயை இறுக மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். மூக்கால் மூச்சு. நாக்கு கீழே தள்ளப்பட்டது. இடம் விட்டது.

சுவருக்கு அப்பால் ரிசப்ஷன் பெண்ணின் குரல், யாருக்கோ பொறுமையாக: "டவுன்லோடு ஆயிடுச்சுங்களா? முழுசா வந்துடுச்சா?"

பல்லின் உள்பக்கம் யாரோ தட்டினார்கள். மெதுவாக. அனுமதி கேட்பதுபோல.

கைகள் மரத்து விழுந்தன. கண்ணாடியில் அவன் உதடுகள் தாமாகப் பிரிந்தன. நான்கு விரல்கள் வெளியே வந்து கீழுதட்டின் மேல் வரிசையாக மடங்கின. ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் மேல்விளிம்பைப் பற்றுவதுபோல இறுக்கிப் பிடித்தன. அவற்றுக்குப் பின்னால், அவன் வாயின் இருட்டில், நரைத்த தலை ஒன்றின் வகிடு மெல்ல மேலே வந்தது.