புல்லுக்கு அடியில் இருந்த ரசிகர்கள்

பெருக்கித் தள்ளிய சாம்பல் பெனால்டி புள்ளியில் மறுபடியும் இருந்தது.

வில்மார் அதை முறைத்தான். மொந்தெவிதேயோவின் அந்தப் பழைய கால்பந்து மைதானத்தில் புல் அவன் பொறுப்பு. நாளை சர்வதேசப் போட்டி. சற்று நேரத்தில் ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள். புல் தேறாவிட்டால் ஆட்டம் வேறு ஊருக்குப் போகும், வில்மார் வீட்டுக்குப் போவான்.

ஆற்றிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் காலிப் படிவரிசைகளை ஈரத் துணிபோல் போர்த்தியிருக்க, புதுப் புல்லின் வாசனைக்கு அடியிலிருந்து மலிவான சிகரெட் நெடி மெல்லக் கசிந்து வந்தது. பயம் என்பது சம்பளம் குறைந்தவர்களுக்கானது என்பது வில்மாரின் கொள்கை.

கோல் கம்பத்துக்குப் பின்னால் கிளாடிஸ் நின்றிருந்தாள், கக்கத்தில் வெந்நீர்க் குடுவையுடன். போன வருஷம் புருஷனின் சாம்பலைக் கோட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து இங்கே தூவியவள். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

"இதைக் கொட்டினது நீங்கதானே?"

"நான் பூ மட்டுந்தான் கொண்டாந்தேன், தம்பி."

"அதைக் கார் நிறுத்துற இடத்துல வைங்க. சாம்பலோட சேத்துப் பழைய மண்ணை மொத்தமா வாரி அங்கதான் கொட்டி ரோடு போட்டாச்சு. உயிரோட இருந்தப்ப டிக்கெட் வாங்க வக்கில்லாத கும்பல். செத்தப்புறம் முன்வரிசை கேக்குதா?"

கிளாடிஸ் அழவில்லை. "என் வீட்டுக்காரரு என்னிக்கு டிக்கெட் வாங்கினாரு? சுவரேறித்தான் வருவாரு. நாளைக்கு மேட்ச் வேற இருக்கு."

அவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுத் துடைப்பத்தோடு திரும்பினான்.

வீரர்கள் வரும் சுரங்க வழியிலிருந்து புல்லின் மேல் சாம்பல் காலடிகள். எல்லாம் உள்ளே வந்தவை. வெளியே போனது ஒன்றுகூட இல்லை.

பெருக்கினான். முதுகுக்குப் பின்னால், காலிப் படிகளில், மாத்தே மூலிகைத் தேநீரின் கடைசிச் சொட்டை யாரோ குழலால் உறிஞ்சும் சத்தம். இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக.

"எந்திரிச்சுப் போங்கடா, பிச்சைக்காரப் பயலுகளா!"

சத்தம் நின்றது.

ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். புல் பிரமாதம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

சாம்பல் கொட்டியது.

வாயை மூடினான். மூக்கில் வந்தது. கையால் பொத்தினான். விரலிடுக்கில் வழிந்தது. வெதுவெதுப்பாக. மண்டியிட்டான். சாம்பல் நிற்கவில்லை. பெனால்டி புள்ளி மறைந்தது. வெள்ளைக் கோடுகள் மறைந்தன. புல் மறைந்தது. அந்த ஒற்றைத் தொண்டைக்குள்ளிருந்து ஆயிரமாயிரம் பேர் பாடத் தொடங்கினார்கள்.