விசில் இல்லாத இன்ஜின்

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விசில் கிடைக்கலேன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க சார்" என்றார் ரயில் அருங்காட்சியகத்தின் காவலாளி. துப்பறிவாளரின் வீட்டில் நாற்காலி நுனியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

காணாமல் போனது பழைய நீராவி இன்ஜினின் பித்தளை விசில். ஞாயிறு மாலை கொட்டகையைப் பூட்டினார். திங்கள் விடுமுறை. இன்று காலை தார்ப்பாயை விலக்கினால் விசில் இல்லை. சாவி அவரிடம் மட்டும்தான். தனிக்கட்டையான அவருக்கு அந்த வேலையை விட்டால் நாலு பேரிடம் பேசக்கூட வழியில்லை.

"பூட்டுறதுக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்க?"

"பிள்ளைங்க பிரேக் சக்கரத்தைப் பம்பரமாச் சுத்திக்கிட்டிருந்தாங்க. விரட்டிட்டு ஜன்னல் சாத்தப் போனேன். வர்றவங்களுக்கு இன்ஜின் கதை சொல்ற வழிகாட்டி, கீழே நின்னே தார்ப்பாய் போட்டுட்டேன்னார். அந்தக் காலத்துல அந்த இன்ஜினை ஓட்டினவரே அவர்தான்."

கொட்டகைக்குப் போனதும் துப்பறிவாளரின் மச்சான் ஒரே தாவில் இன்ஜினில் ஏறி பிரேக் சக்கரத்தைத் திருகினான். முக்கியும் அசையவில்லை.

"துருப்பிடிச்சுப் போச்சு அத்தான்!"

"ஞாயித்துக்கிழமை சுத்தினது அதுக்குள்ளவா துருப்பிடிக்கும்?" என்ற துப்பறிவாளர், வழிகாட்டியை வரவழைத்தார்.

"முப்பது வருஷமா ஒரு அடி நகராத வண்டி. நெருப்பில்லை, தண்ணியில்லை. இதுக்கு பிரேக்கை இறுக்கிட்டு இறங்கணும்னு ஓட்டினவருக்குத்தான் தோணும். நீங்க ஏறவே இல்லைன்னீங்களாமே?"

வழிகாட்டி தன் உள்ளங்கையைப் பார்த்தார். "கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு சார். அடுத்த வாரத்துலேருந்து பட்டனை அமுக்கினா மிஷினே கதை சொல்லுமாம், நான் வேண்டாமாம். நான் வண்டி ஓட்டின காலத்துல இந்த விசில் சத்தம் கேட்டாத்தான் என் வீட்டுக்காரி தட்டு எடுத்து வைப்பா. அவ போய் நாலு வருஷமாச்சு. சாப்பாட்டு மேஜையில அவ இடத்துல விசிலை வச்சிருக்கேன்."

பிறகு காவலாளியிடம் திரும்பினார். "பழி உன் மேல விழும்னு சத்தியமா நினைக்கலைப்பா."

காவலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டத்தான் வாயெடுத்தார்; வந்ததோ வேறு.

"பக்கத்துத் தெருவுலதானேய்யா இருக்கேன்? நானும் தினம் ஒத்தையிலதான் சாப்பிடுறேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

மணி நாலரை. விசிலை எடுத்துவர இருவருமே கிளம்பினார்கள்.