கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காலை பதினோரு மணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது அவளுக்கு ஒரு மணி நேர வேலைதான் இருந்தது. மறுநாள் பின்னணிக் குரல்காரரின் நினைவுக் கூட்டம். ஆவணப்படங்களுக்கும் வானொலிக் கதைகளுக்கும் முப்பது வருடம் குரல் கொடுத்தவர். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்த வீடுகள் உண்டு. அந்தக் குரலைத் துண்டு துண்டாகக் கோத்து அஞ்சலி தயாரிக்கும் பொறுப்பு, அவருடைய ஒலிப்பதிவாளரான அவள் தலையில் விழுந்திருந்தது.

அவர் இறந்ததும் இங்கேதான். பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குரல் அறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தான் அப்போது இந்தப் பக்கமே இருந்ததாகவும், எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டதாகவும் அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உண்மையில் பதிவை ஓடவிட்டு, மாடிப்படியில் நின்று இருபது நிமிடம் ஃபோனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடைசிப் பதிவை மட்டும் அவள் இன்றுவரை கேட்கவில்லை.

இணைப்பு வரிகளைத் தன் குரலில் பதிய, குரல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தத்தை அடக்கச் சுவரில் பதித்த பஞ்சின் புழுங்கிய நெடி. அதற்குள்ளே, அவர் வாயில் எப்போதும் அடக்கியிருக்கும் கிராம்பின் வாசனை. ஹெட்ஃபோனை மாட்டினாள்.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

தன்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினாள். சத்தம் நிற்கவில்லை.

"அம்மாடி..." அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "கதவைத் தொறம்மா. முடியல."

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தாள். குரல் காதுக்குள்ளேயே இருந்தது. கதவின் கைப்பிடி அசையவில்லை. கண்ணாடியை அறைந்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கம் கூடத்து உதவியாளர் முதுகைக் காட்டியபடி நிதானமாக வயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வெளியே போகாது. அதற்காகவே கட்டிய அறை.

"எங்கம்மா போயிட்ட?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வெளிய ஃபோன் பேசிக்கிட்டிருந்தேங்கய்யா," என்று முனகினாள். "எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

மூச்சுச் சத்தம் நின்றது. கதவு தானாக விலகியது.

யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தெருவுக்கு ஓடிவந்தாள். லீவில் வீட்டில் இருக்கும் மகளின் குரலைக் கேட்டால் போதும் போலிருந்தது. ஃபோன் போட்டு, "கண்ணு, வந்துக்கிட்டே இருக்கேன்," என்றாள்.



"அங்கிள், நீங்க யாரு?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மாகிட்ட ஃபோனைக் குடுங்க."