வீட்டில் எல்லாரும் கூப்பிட்ட பிறகு

அந்தக் காட்சியில் எல்லாரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓரத்தில் நிற்கிற டாக்டரம்மா மட்டும் இன்றைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்.

மோகன்குமார் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினான். அவனுக்கு அந்த சீரியல் மனப்பாடம். சின்ன வயதில் ஒரு தரம் பார்த்துப் பயந்து, பெரியவனானதும் எங்கெங்கோ தேடி வாங்கி வைத்த பழைய வெளிநாட்டு சீரியல். நிலாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதில் குடியிருப்பவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுவார்கள். வெளியே காற்றுக் கிடையாது, ஆளும் கிடையாது. கதவின் வட்டக் கண்ணாடியில் கையுறை போட்ட ஒரு கை மட்டும் தெரியும். கடைசி வரைக்கும் அவர்கள் திறக்கவே மாட்டார்கள். அந்தக் கதவு வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை என்பதும், ஓங்கித் தட்டினால் சுவரே ஆடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தின் மேல் அவனுக்கு ஒரு பிரியம்கூட உண்டு.

வாரம் முழுக்க அன்னூர்க் கடையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் பேய்ப்படம், இல்லாவிட்டால் இந்த மாதிரி சீரியல். பார்த்ததையே பார்ப்பான். பார்த்ததும் பெருந்துறையில் இருக்கிற சிநேகிதன் ஆஸிமுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான்.

"ஆஸிமு, நல்லாக் கேட்டுக்க. மொத வாட்டி பாக்கறதெல்லாம் கணக்கே இல்ல. அப்பப் பேயத்தான் பாப்போம். ரெண்டாவது வாட்டி பாத்தாத்தான் கதவத் தொறந்து உட்டவன் யாருன்னு தெரியும். தப்புப் பூராத்தயும் அவன்தான் பண்ணியிருப்பான். இப்ப வர்ற படத்துல ரத்தத்தக் கொடங்கொடமா ஊத்தறானுக, ஒரு மயிருங் கூச மாட்டீங்குது. இதுல பாரு, ஒரு கையி, ஒரு கதவு, அவ்வளவுதான். என்ன, திருப்பித் திருப்பிப் பாத்தாப் பயம் போயிருது. அது ஒண்ணுதான் கொறை."

ஆஸிமின் பதில் சிரிப்போடு வந்தது. "பயம் போறது சரீங்ணா. போயி எங்கீங்ணா இருக்கும்?"

வெளியே தூறல் பிடித்திருந்தது. ஞாயிறானதால் பக்கத்து விசைத்தறி ஓடவில்லை. எந்நேரமும் கேட்டுப் பழகிய அந்தத் தடதடப்பு இல்லாத வீட்டில் மழை ஓட்டில் இறங்குவதும், குளியலறைக் குழாய் சொட்டுவதும், சமையலறையில் பால் பொங்கி அடங்குவதும் ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்து சேர்ந்தன. மோகன்குமார் காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான்.

டொக். டொக்.

மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்துபோன சாந்தாமணி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "வாங்க, வாங்க."

அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்புள்ள, அது டிவி."

"ஓ, டிவிதானா?" அவளுக்கும் வெட்கமாகப் போயிற்று. "ஆரோ வந்தாப்பல இருந்துச்சுங்க. வாய் தன்னால சொல்லிப்போடுச்சு."

அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான். ஒறம்பரையாக வந்த விருந்தாளியை ஒருத்தர் கூப்பிட்டால் போதாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். ஒருத்தர் வாய் திறக்காவிட்டாலும் வந்தவர் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார். அந்த வருத்தம் அடுத்த கல்யாணம் காட்சி வரைக்கும் ஓடும்.

மோகன்குமாருக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. போனை எடுத்தான். "இன்னொருக்காச் சொல்லு சாந்தாமணி. ஆஸிமுக்கு அனுப்போணும்." தட்டும் சத்தத்தைத் திரும்பவும் போட்டான். அவள் சிரித்துக்கொண்டே டிவியைப் பார்த்து, "வாங்க" என்றாள். "வர்ஷினி, நீயும் வா கண்ணு! நெலாவுல இருந்து நம்மூட்டுக்கு ஒறம்பர வந்திருக்குது!"

ஏழாவது படிக்கிற மகள் உள்ளறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "வாங்க" என்று ராகம் போட்டாள்.

தட்டுவது நின்றது.

வட்டக் கண்ணாடியில் கை இல்லை. காட்சி அங்கேயே முடிந்து எழுத்து ஓட வேண்டும். ஓடவில்லை. நிலையத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோள்கள் தளர்ந்தன. ஒருத்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டாக்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரசவ அறைக்கு வெளியே நல்ல சேதி கேட்டவர்கள் அழுவார்களே, அந்த அழுகை. இத்தனை வருசமாக அவர்கள் முகத்தில் அவன் பார்த்துப் பார்த்து ரசித்த பயம் துளிகூட மிச்சமில்லை.

இப்படி ஒரு காட்சி அந்த சீரியலில் கிடையாது.

அப்புறம் அந்த வாசனை. வெகுநாள் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் தலையை விட்டால் வருமே, அப்படி ஒரு குளிர்ந்த வாசனை, எதிரே இருந்த ஒற்றை சோபாவின் பக்கமிருந்து வந்தது. சோபாவில் யாரும் இல்லை. அதன் மெத்தை மட்டும் மெதுவாக அமுங்கியது.

சாந்தாமணி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். சோபாவின் முன்னால் இருந்த முக்காலியில் வைத்தாள்.

"மழைல நனஞ்சுட்டே வந்தீங்களாட்ட. மொதல்ல தண்ணி குடிங்க."

"ஆருகிட்டப் பேசற?" என்றான்.

அவள் முகம் சிவந்தது. பக்கத்தில் வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, ஊடு தேடி வந்தவங்கள ஒரு வார்த்த வாங்கன்னு கூப்புடாம இப்படிக் குத்துக்கல்லாட்ட உக்காந்திருந்தா என்ன நெனப்பாங்க?"

அவன் நாக்கு அந்த வார்த்தைக்கு எழுந்தது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை படம் பார்த்தவன். கதவைத் திறந்து விடுகிறவனை ஒவ்வொரு தடவையும் திட்டியவன். விளையாட்டாக அவளையும் பிள்ளையையும் கூப்பிடச் சொல்லி, ஒரு கதவை அவனே திறக்க வைத்தாயிற்று. பாக்கி இருப்பது அவன் வாய்தான். இறுக மூடிக்கொண்டான்.

வர்ஷினி வந்தாள். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். பக்கவாட்டில் சாய்ந்தாள், அத்தையின் தோளில் சாய்கிறவள் போல.

விழவில்லை.

"வர்ஷினி. எந்திரிச்சு இங்க வா சாமி."

"இருங்கப்பா. அவங்க பேசிட்டிருக்காங்கல்ல."

பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தான். இரும்புக் குழாய் மாதிரிச் சில்லென்று இருந்தது. இழுத்தான். வரவில்லை. அந்தப் பக்கமும் ஒரு பிடி இருந்தது. அது இழுக்கவில்லை. விடவும் இல்லை. பொறுமையாக இருந்தது. செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"போச்சுது போங்க," என்றாள் சாந்தாமணி, அழப்போகும் குரலில். "தண்ணியத் தொடவே இல்ல. நீங்க கூப்புடலைன்னு கோவிச்சுட்டு எந்திரிக்கறாங்க."

மெத்தை மேலே எழும்பியது.

வர்ஷினியும் எழுந்தாள். "கெளம்பறாங்களாம்பா. என்னயும் அவங்க ஊட்டுக்குக் கூப்புடறாங்க. போயிட்டு வரட்டுங்களா?"

டிவியில் இப்போது ஆட்கள் இல்லை. வெள்ளை வெளேரென்ற தரை. கறுத்த வானம். காற்று இல்லாத இடம்.

அவள் ஓர் அடி வைத்தாள். அவன் கையிலிருந்து அவள் விரல்கள் நழுவின. ஒவ்வொன்றாக. சொன்னால் அது இருந்துவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். இருந்தால் என்ன. இருக்கட்டும். பிள்ளையும் இங்கேயே இருப்பாளே.

"வாங்க," என்றான்.

கண் திறந்த மாதிரி இருந்தது.

கூடத்தின் நடுவில் விண்வெளி உடுப்பு நின்றது. பழுப்பேறிய வெள்ளை. கழுத்து முதல் தொடை வரை முன்பக்கம் பிளந்து தொங்கியது. உள்ளே ஆள் இல்லை. ஆள் இருந்து தேய்ந்த அடையாளம் மட்டும். வர்ஷினியின் ஒரு கால் ஏற்கெனவே அதற்குள் இருந்தது.

நகரப் பார்த்தான். முடியவில்லை. கத்தப் பார்த்தான். "வாங்க" என்றுதான் வந்தது. மறுபடியும் "வாங்க."

"கையத் தூக்கு கண்ணு," என்றாள் சாந்தாமணி. பள்ளிக்கூடச் சட்டை மாட்டிவிடும் அதே கை. பிளவை மூடினாள். கொக்கிகளைப் போட்டாள். தலைக்கவசத்தை இறக்கித் திருகினாள். தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

"பாருங்க, அளவெடுத்துத் தெச்சாப்பல."

கண்ணாடிக்குள் மூச்சுப் புகை படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது. முன்னைவிடச் சின்னதாக. புகைக்குப் பின்னால் மகளின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கண்கள் அப்பாவைத் தேடின.

கையுறை போட்ட கைகள் இரண்டும், அவளைக் கேட்காமலே, மெதுவாக மேலே வந்தன. ஒன்றாகச் சேர்ந்தன. வெகு மரியாதையாக அவனைக் கும்பிட்டன.